நான்கு நாள் காஜா பாக்கி

ஒரு மனித இதயத்தின் விலை ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. மூன்றாக வாங்கினால் ஐயாயிரம், ரத்தக்குழாய்கள் இனாம்.

கத்தரிப்பூ நிறத் துண்டுச்சீட்டு அப்படித்தான் சொன்னது. நடுவில் மிளகுக்கும் திராட்சைக்கும் பிறந்தது போல ஒரு கொத்துக் கருநீலப் பழம். கீழே மூன்று வரி: 'எல்டர்பெர்ரி சாறு. இதயத்துக்குக் கவசம், ரத்தக்குழாய்க்கு மறுபிறவி. மாத்திரைகளுக்கு விடை கொடுங்கள்.'

தராசு அந்தச் சீட்டைச் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்திருந்தார். இருபத்தாறு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து பாதிக் கடைத்தெருவின் தூக்கத்தைக் கெடுத்த பெண்மணி. எதன்மேல் முத்திரை இருந்தாலும் முதலில் முத்திரையைத்தான் சந்தேகப்படுவார். ஓய்வு பெற்றபின் துப்பறியும் அலுவலகம் திறந்தார். வருமானம் குறைந்தது, சந்தேகம் குறையவில்லை. 'தராசு' என்ற பட்டப்பெயர் பழைய வேலையிலிருந்து கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

உதவியாளன், அவருடைய காலஞ்சென்ற கணவரின் தம்பி. நாற்பத்தைந்து வயது. ஏலக்கடை நடத்தி, கடைசியில் கடையையே ஏலத்தில் விட்டவன். எப்போதும் குலுங்கிக்கொண்டிருக்கும் வாய் என்பதால் சில்லறை.

"அண்ணி, இதயமே இந்த விலைன்னா கிட்னி என்ன விலை இருக்கும்? ஜோடியா வாங்கினா தள்ளுபடி உண்டா?"

"உன் மூளையை எடைக்குப் போட்டா ஒரு பாட்டில் மூடி வரும். பேசாம ஏறு."

சாறு விற்பவரின் அலுவலகத்துக்கு ஏற வேண்டியது மூன்று மாடி. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது.

வழக்கு அன்று காலையில்தான் வந்திருந்தது. கூரியர் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண். அவளுடைய அப்பா தையற்காரர், ஊருக்கெல்லாம் மாஸ்டர். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு அடைத்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்த மனிதர். நாற்பத்தாறு நாளைக்கு முன் எல்லா மாத்திரைகளையும் சாக்கடையில் கொட்டிவிட்டார். அன்றிலிருந்து எல்டர்பெர்ரி சாறு மட்டும். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வாடகை மண்டபத்தில் முந்நூறு இதய நோயாளிகளுக்கு முன்னால் மேடையேறி, 'நான் கொட்டினேன், நீங்களும் கொட்டுங்கள்' என்று பேசப் போகிறார்.

"நிறுத்தச் சொல்லிச் சண்டை போடலாமே?" என்று தராசு கேட்டதற்கு அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

"எதை வெச்சுச் சண்டை போடறது மேடம்? மாத்திரை இல்லாம அவர் பிரஷர் நல்லாத்தான் இருக்கு. நானே பார்த்தேன். அதான் பயமா இருக்கு. எப்படின்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அவருக்கு ஏதாவது ஆனா ஒரு அப்பாதான் போவார். அந்த முந்நூறு பேர்ல எத்தனை அப்பா?"

அந்த 'எப்படி'யைத் தேடித்தான் இந்த மாடி ஏற்றம்.

இரண்டாவது மாடியில் சில்லறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுவருக்குள் எங்கோ 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஏறிப் போயிற்று.

"அண்ணி... யாரோ எனக்காக அழறாங்க."

தராசு சுவரை ஒருமுறை பார்த்தார். 

மூன்றாவது மாடிக் கதவில் 'இரத்தநாள ஆலோசகர்' என்று பித்தளைப் பலகை. ஆலோசகர் வெள்ளைக் கோட்டில் இருந்தார். டாக்டர் என்று எங்கும் எழுதவில்லை. எழுதாததை வருகிறவர்களே படித்துக்கொள்ளட்டும் என்பதற்குத்தான் கோட்டு. மூலையில் உத்தரம் தொடும்வரை அட்டைப்பெட்டிகள். அப்போதுதான் வந்திறங்கிய சில பெட்டிகளை ஒருவர் தள்ளுவண்டியோடு அடுக்கிக்கொண்டிருந்தார், விசிலடித்தபடி.

"வாங்க, வாங்க. யாருக்குப் பிரச்சனை?"

"என் கொழுந்தனுக்கு," என்றார் தராசு. "பிறந்ததிலிருந்தே."

ஆலோசகர் சில்லறையை முதுகில்லாத முக்காலியில் உட்காரவைத்து, மூச்சு அடங்குவதற்குள் கையில் பட்டையைச் சுற்றினார். கை தொங்கியது. மிஷின் ஊதியது, இரைந்தது, நின்றது.

"நூத்தி அம்பத்தெட்டு." குரலில் துக்கம் சரியாக அளந்து ஊற்றியிருந்தது. "உங்க ரத்தக்குழாய் துருப்பிடிச்ச தண்ணிக்குழாய் மாதிரி ஆயிட்டிருக்கு சார். வீட்டுல யாராவது திடீர்னு போயிருக்காங்களா?"

"அண்ணன் போயிட்டாரு."

"பார்த்தீங்களா!"

"லாரி மோதி."

ஆலோசகர் அதைக் காதில் வாங்காமல் ஒரு குட்டிக் குவளையில் கருநீலச் சாறு ஊற்றிக் கொடுத்தார். பிறகு உள்ளறைக்கு அழைத்துப் போனார். ஏ.சி. குளிர். சாய்வு நாற்காலி. கைக்கடியில் மெத்தை. இருபத்தைந்து நிமிடம் பேச்சு. பழத்தின் கருநீலச் சாயத்தில் இருக்கும் சத்து ரத்தக்குழாயின் உட்சுவரைத் தடவிக் கொடுக்குமாம். கொழுப்பு கைகட்டி நிற்குமாம். அடைப்பு வெட்கப்பட்டு விலகுமாம்.

தராசு கையைத் தூக்கினார். "ஆராய்ச்சி ஏதாவது உண்டா?"

"ஏகப்பட்டது. எல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி."

"யாருக்குக் கொடுத்துப் பார்த்தாங்க?"

"உயிருள்ளவங்களுக்குத்தான்மா."

"வால் இருந்துச்சா?"

ஆலோசகரின் புன்னகை ஒரு பல் அளவு சுருங்கியது. மறுபடி சில்லறையின் கையில் பட்டையைச் சுற்றினார். மெத்தைமேல் கை, இமைமேல் தூக்கம்.

"நூத்தி இருபத்தாறு!"

சில்லறை எழுந்து நின்றுவிட்டான். "அண்ணி! முப்பத்திரண்டு குறைஞ்சிருக்கு! அஞ்சாயிரம் இருக்கா? நான் அப்புறம் தரேன்."

"நீ அப்புறம் தரேன்னு வாங்கினது எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. நட."

வெளியே வந்ததும் தராசு படிப் பக்கம் திரும்பவில்லை. லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். 'ம்ம்ம்' என்று சுவர் முனகியது. கதவு திறந்தது. உள்ளே அடுத்த நடைப் பெட்டிகளோடு விசில்காரர்.

"பழுதுன்னு போர்டு தொங்குதே?" என்றார் தராசு.

"அது பேஷண்ட்டுங்களுக்குங்க," என்றார் அவர், வெகு இயல்பாக, வண்டியைத் தள்ளிக்கொண்டே.

கீழே இறங்கினார்கள். சில்லறை 'பழுது' அட்டையையும் லிஃப்டையும் மாறி மாறிப் பார்த்தான். 

"மூணு மாடி ஏத்தி, மூச்சு வாங்கறப்ப ஒரு அளவு. உட்கார்த்தி, குளுகுளுன்னு தூங்கவெச்சு இன்னொரு அளவு," என்றார் தராசு. "நடுவுல பச்சைத் தண்ணி கொடுத்தாலும் குறையும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் தராசுத் தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டி வெச்சிருந்தான். அவனாவது பத்து கிராம்தான் திருடினான். இவன் நெஞ்சுவலிக்காரனை மாடி ஏத்தித் திருடறான். தூ!"

லிஃப்ட் கதவில் தொங்கிய அட்டையைக் கழற்றினார். அதே கத்தரிப்பூ நிறக் காகிதம். அதே எழுத்து. துண்டுச்சீட்டு அடித்த அச்சகத்திலேயே ஒரு அட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டிருக்கிறான் மனுஷன். அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்போ கேஸ் முடிஞ்சுதா அண்ணி?"

"பாதி. மாஸ்டர் வீட்டுலயும் அளக்கிறார். அந்த வீட்டுல மாடி கிடையாது."

மாஸ்டரின் தெரு முனையில் ஒரு மருந்துக்கடை. கடைக்காரப் பெண் மாத்திரை அட்டைகளைக் கத்தரியால் வெட்டி உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். தராசு துண்டுச்சீட்டை நீட்டினார்.

"பழம் நல்ல பழம்தாங்க, பழத்துமேல எனக்கென்ன கோபம்?" என்றாள் அவள். "எலிங்களுக்குக் கொடுத்ததுல கொழுப்பு விஷயத்துல ஏதோ கொஞ்சம் நல்லது தெரிஞ்சிருக்கு. மனுஷங்களுக்குக் கொடுத்தப்ப வெளியில சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் காணோம். ஜாம் பண்ணிச் சாப்பிடட்டும், யாரு வேணாங்கறா? மாத்திரைக்குப் பதிலா குடின்னு சொல்றான் பாருங்க, அவனைத்தான்..." கத்தரி மிச்சத்தைச் சொன்னது.

"மாஸ்டர் இங்கேதான் வாங்கிட்டிருந்தாரா?"

கத்தரி ஒரு கணம் நின்றது. "அவர்தான் நிறுத்திட்டாரே. அடுத்தவங்க சீட்டைப் பத்தி நாங்க பேசறதில்லைங்க." கத்தரி முன்னைவிட வேகமாக ஓடியது.

வெளியே வந்ததும் சில்லறை தொடையில் தட்டினான். "புரிஞ்சிடுச்சு அண்ணி! மாஸ்டர் திருட்டுத்தனமா மாத்திரை போடறார். சாறுக்காரன் கமிஷன் கொடுக்கிறான். மேடையில நாடகம்."

"இருக்கலாம். ஆளைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

வீட்டின் முன்னறைதான் கடை. நீளமான வெட்டுமேசை, இரண்டு தையல் மிஷின், உள்ளறைக்கு ஒரு திரை. மெல்லிய துணித் திரைக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சத்தில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பது நிழலாகத் தெரிந்தது. பட்டன் நுழையும் துவாரத்தின் விளிம்பை நூலால் கட்டுகிற வேலை; ஒரு சட்டைக்கு எட்டு காஜா. வெளியே பலகையில் 'மாஸ்டர் தையலகம்' என்று மட்டும் இருந்தது.

மாஸ்டர் சில்லறையை ஒரு பார்வை பார்த்தார். "இடுப்பு நாப்பத்திரண்டரை. நாப்பதுன்னு சொல்லித் தைச்சிருக்கீங்க. பொத்தான் பாவம்."

"அண்ணி, இந்த ஆள் திருடன் இல்லை," என்று சில்லறை முணுமுணுத்தான். "திருடனுங்க இவ்வளவு உண்மை பேச மாட்டாங்க."

சாறு வாங்கலாமா என்று விசாரிக்க வந்திருப்பதாகத் தராசு சொன்னதும் மாஸ்டர் மலர்ந்துவிட்டார். அவரே பிரஷர் மிஷினை எடுத்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைத்தார். ஐந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. மூன்று முறை அளந்தார். நடு எண்ணை எடுத்துக்கொண்டார்.

128/82.

தராசு அந்த மிஷினை சில்லறையின் கையில் கட்டிப் பார்த்தார். 126. மிஷினும் யோக்கியம், ஆளும் யோக்கியம். இருபத்தாறு வருட அனுபவத்தில் இப்படி ஒரு சுத்தமான அளவையை அவர் பத்துக் கடையில்கூடப் பார்த்ததில்லை.

"மாத்திரை ஒண்ணுகூடப் போடறதில்லையா?"

"என் பொண்ணு மேல சத்தியமா இல்லை. டாக்டர்கிட்ட ரெண்டு வருஷம் போனேங்க. ஒருநாள் அவர் நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்ததில்லை. நாலாம் வகுப்புப் பையனை அதட்டற மாதிரி அதட்டுவார். ஆலோசகர் அரைமணி நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். வாராவாரம் அந்த மூணு மாடி ஏறிப் போறேன். ஞாயித்துக்கிழமை மேடையில என்னை 'அண்ணா'ன்னு சொல்லி அறிமுகப்படுத்தப் போறார்." பிரஷர் பட்டையை மடித்து வைத்தார். "ரெண்டு வருஷமா சீட்டு எழுதின டாக்டருக்கு என் தொழில் என்னன்னே தெரியாது."

தராசுக்கு அந்த நிமிடம் மாஸ்டர்மேல் வைத்திருந்த இளக்காரத்தில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து, ஆலோசகர் கணக்கிலும் டாக்டர் கணக்கிலும் பிரித்துப் போட வேண்டியிருந்தது.

"தினம் எழுதி வைக்கிறீங்களா?"

"எழுதாம? அளவு எடுத்தா எழுதணும்."

நீட்டினார். தனி நோட்டு இல்லை, கடையின் அளவு நோட்டுதான். பக்கத்தை நடுவில் கோடு போட்டு, வலப்பக்கம் வாடிக்கையாளர் துணி விவரம், இடப்பக்கம் தன் ரத்த அழுத்தம். தன் நெஞ்சையும் ஒரு வாடிக்கையாளராகப் பதிந்துவைத்திருந்தார்.

தராசு விரலை இடப்பக்கமாக இறக்கினார். 127. 130. 126. 129. நாள் ஒன்றிலிருந்து இருபது வரை ஒரே சீர். இருபத்தொன்றில் விரல் நின்றது.

136. 149. 160. 171.

பிறகு 164. 150. 141. 133. இருபத்தொன்பதாம் நாளிலிருந்து பழையபடி ஒரே சீர், நாற்பத்தாறாம் நாளான இன்று வரை.

"நடுவுல என்ன ஆச்சு?"

"அதுவா? உடம்புல இருக்கற விஷம் வெளியேறுதுன்னு ஆலோசகர் சொன்னார். ரெண்டு பாட்டில் சேர்த்து வாங்கிக் குடிச்சேன். இறங்கிடுச்சு."

"நூத்தி எழுபத்தொண்ணுல ஒரு மனுஷனுக்கு ரெண்டு பாட்டில் வித்திருக்கான்," என்றான் சில்லறை. "அண்ணி, ஏலக்கடையில நான்கூட இவ்வளவு இறங்கினதில்லை."

 தராசின் கண் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போயிருந்தது. எல்லா நாளும் 'தைத்தாச்சு, காஜா ஆச்சு' என்று ஒரே கையெழுத்து. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு: 'காஜா பாக்கி. காஜா பாக்கி. காஜா பாக்கி. காஜா பாக்கி.' இருபத்தைந்தில் மறுபடி 'காஜா ஆச்சு'. இடப்பக்கம் எண் இறங்கத் தொடங்கியதும் அதே இருபத்தைந்தில்தான்.

"இந்த நாலு நாள் ஏன் காஜா பாக்கி?"

"இவ ஊர்ல இல்லை. இவ அக்காவுக்குக் கண் ஆபரேஷன், துணைக்குப் போயிருந்தா."

"அப்போ சாறை யாரு ஊத்திக் கொடுத்தது?"

"நானே ஊத்திக்கிட்டேன். மத்த நாள்ல இவதான் காலைல டம்ளர்ல கொண்டுவந்து வைப்பா. நான் துணி வெட்டிட்டிருப்பேன்."

"சம்சாரம் இல்லாம ஏக்கம் சார்," என்றான் சில்லறை. "ரத்தம் பொங்கியிருக்கு. எங்க அண்ணன், அண்ணி ஊருக்குப் போனா நிம்மதியாத் தூங்குவார், பிரஷர் இறங்கிடும்."

மாஸ்டர் சிரித்தார். திரைக்குப் பின்னால் நிழலின் கையில் ஊசி பாதி வழியில் நின்றுபோயிருந்தது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி," என்று சொல்லித் தராசு திரையைத் தள்ளிக்கொண்டு போனார்.

மாஸ்டரின் மனைவி முன்னே நடந்து, உள்ளே சமையலறையில் தண்ணீர் மோந்து கொடுத்தார். ஐம்பத்தைந்து வயது. விரல்நுனிகளெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தன. தராசு தண்ணீரைக் குடித்தபடி அலமாரியைப் பார்த்தார். சர்க்கரை டப்பா, டீத்தூள் டப்பா, தீப்பெட்டி, பட்டன் டப்பா.

"பட்டன் டப்பாவுக்குச் சமையல்கட்டுல என்ன வேலைம்மா?"

 தராசு டப்பாவை எடுத்துக் குலுக்கினார். பட்டன் சத்தம் வரவில்லை. தகட்டுக் காகிதத்தின் சலசலப்பு.

"எத்தனை வாங்கினீங்க?"

மாஸ்டரின் மனைவி திரைப்பக்கம் பார்த்தார். குரல் நூல் மாதிரி வந்தது. "ரெண்டு தினுசு. பிரஷருக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு அட்டை, அம்பது. இப்ப எட்டெட்டு இருக்கு. மருந்துக்கடைப் பொண்ணுகிட்ட கேட்டுத்தான் பொடி பண்ணிக் கலந்தேன். மூணாவது மாத்திரையைப் பொடி பண்ணக்கூடாதுன்னுட்டா. அது நாப்பத்தாறு நாளா அவர் உடம்புக்குப் போகவே இல்லை. ராத்திரி மூச்சு விடறாரான்னு பார்த்துக்கிட்டே படுத்திருப்பேன்."

"அக்கா வீட்டுக்குப் போன நாலு நாள்?"

"அவ குருடாயிடக்கூடாதேன்னு போனேன். போன் பண்றப்பல்லாம் நூத்தி அறுபது, நூத்தி எழுபதுன்னு இவர் சொல்வார். அங்கேயே உட்கார்ந்து அழுவேன். அஞ்சாம் நாள் வந்து நிக்கறேன், இவர் சாறு பாட்டிலுக்கு முத்தம் கொடுக்காத குறை."



"சொல்லிடாதீங்கம்மா," என்றார் அவர். "ரோஷக்காரர். தெரிஞ்சா சாறையும் நிறுத்திடுவார். அப்புறம் நான் எதுல கலக்கறது?"

"உங்க வீட்டுக்காரருக்கு நீங்க இருக்கீங்க," என்றார் தராசு. "ஞாயித்துக்கிழமை அவர் பேச்சைக் கேட்டுட்டுப் போய் மாத்திரையைக் கொட்டப் போறாங்களே முந்நூறு பேர், அவங்க டம்ளர்ல யாரும்மா கலந்து வைப்பாங்க?"

மாஸ்டரின் மனைவி அப்படியே நின்றார். மேடை என்று தெரியும். மாலை போடுவார்கள் என்று தெரியும். மேடைக்குக் கீழே உட்காரப் போகிறவர்களை அவர் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. இடுப்பு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டப்பாவைத் தராசின் கையிலிருந்து வாங்கினார். தானே முன்னறைக்குப் போனார். வெட்டுமேசைமேல், கணவர் கோடு போட்டுக்கொண்டிருந்த துணியின் நடுவில், டப்பாவைத் திறந்து கவிழ்த்தார்.

வெள்ளி அட்டைகள் சறுக்கி விழுந்தன.

"என்னடி இது?"

"உங்க எல்டர்பெர்ரி."

மாஸ்டர் அட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். விளக்கம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அளவு பார்க்கத் தெரிந்த கண். இருபத்தொன்றுக்கு நேரே கோட்டின் இரண்டு பக்கமும் படித்தார், இருபத்துநான்குவரை. கழுத்து நரம்பு புடைத்தது.

"நாப்பத்தாறு நாளா என்னை முட்டாளாக்கிட்டியா? ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன், சாறாலதான் நல்லா இருக்கேன்னு! பேர் எவனுக்கோ, வேலை பார்த்தது நீயா?"

"அதுல என்ன புதுசு?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "முப்பது வருஷமா இந்தக் கடையில ஒவ்வொரு சட்டைக்கும் காஜா எடுக்கறது யாரு? போர்டுல யார் பேரு?"

மாஸ்டர் வாசல் பக்கம் திரும்பினார்.  வெளியே பலகை காற்றில் லேசாக ஆடியது.

தராசு கைப்பையிலிருந்து 'பழுது' அட்டையை எடுத்து மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். கூடவே துண்டுச்சீட்டை.

"இது அந்தக் கட்டடத்து லிஃப்ட்ல தொங்கினது. லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. நாங்க அதுலதான் இறங்கி வந்தோம்."

மாஸ்டர் இரண்டு காகிதத்தையும் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்துப் பார்த்தார், ஒரே தானில் வெட்டிய துணியா என்று பார்ப்பதுபோல. விரலால் நிறத்தைத் தேய்த்தார். அவருக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்தபோது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

"வாராவாரம்," என்றார் மெதுவாக. "ரெண்டாவது மாடியில உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவேன். வந்துட்டீங்களா அண்ணான்னு கையைப் பிடிப்பான்."

"அளக்கத்தான் பிடிச்சிருக்கான்," என்றான் சில்லறை.

"நீ சும்மா இரு," என்றார் தராசு. ஆனால் குரலில் காரமில்லை.

 பிறகு மாஸ்டர் கையை நீட்டினார், மனைவியிடம், உள்ளங்கை மேலே பார்க்க.

"அந்த மூணாவது மாத்திரை எங்கே?"

"வாங்கலை. எதுல கொடுக்கறது?"

"கையில கொடு. பல்லு இருக்கு, தொண்டை இருக்கு." சற்று நிறுத்தினார். "நாளைக்கு டாக்டர்கிட்ட நீயும் வா. நடந்ததெல்லாம் சொல்லு. அவர் நிமிர்ந்து பார்க்கலைன்னா..."

"பார்க்க வைக்கிறேன்," என்றார் அவர்.

சில்லறை கேட்டான்: "அப்போ ஞாயித்துக்கிழமை மேடை கிடையாதா மாஸ்டர்?"

"ஏன் கிடையாது? மாலை சொல்லிட்டான், மைக் சொல்லிட்டான். முந்நூறு பேர் வராங்க." மாஸ்டர் அளவு நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதைத்தான் படிக்கப் போறேன். இடப்பக்கம் ஒரு வரி, வலப்பக்கம் ஒரு வரி. இவளையும் பக்கத்துல நிறுத்திக்கிட்டு."

மனைவி திரைக்குப் பின்னால் போய் ஊசியை எடுத்தார். மாஸ்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, வாங்கின எண்ணிக்கையைத் திரைப்பக்கம் கேட்டுக்கொண்டு, இன்றைய தேதிக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு இழுத்துக் கணக்கை முடித்தார்.

நாள் 46. சாறு 46. அளவு சரி.
மாத்திரை தினுசுக்கு வந்தது 50. இருப்பு 8. செலவு 42.
காஜா பாக்கி நாள் 4. ஆக 46. கணக்கு சரி.
மூன்றாவது மாத்திரை: 46 நாளும் பாக்கி.
காஜா எடுத்தவளுக்குச் சொன்ன நன்றி: 0.
ஞாயிறு, மேடை: பேச்சு 1, பாக்கி.